சேஃப்டி ஷூவுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா? கால் கடிக்காத, நாள்பட உழைக்கும் ஷூவை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேட்டவரின் நிலைமை இது: இரும்பை வெட்டி, வெல்டிங் செய்து பொருத்தும் ஃபேப்ரிகேஷன் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டர் மூலமாக ஹெல்பர் வேலை. முதல் மாதச் சம்பளத்தில் ஷூவுக்கென்று 900 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அந்த ஷூவும் விரல் மேல் கடிக்கிறது. வெளியே நல்லதாக ஒன்று வாங்கலாமா, அதற்கு யார் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நான் திருச்சி துவாக்குடிப் பக்கம் இதே வேலையில் ஹெல்பராக ஆரம்பித்தவன். இப்போது சூப்பர்வைசர். ஆட்களுக்கு ஷூ வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதி இன்டென்ட் போடுவதும் என் தலையில்தான் இருக்கிறது. அதனால் போட்டுக்கொண்டு நடப்பவன் கஷ்டமும் தெரியும், வாங்கிக் கொடுப்பவன் கணக்கும் தெரியும்.

முதலில் காசு. பிடிக்கக் கூடாது. இது கம்பெனியின் தயவு அல்ல, சட்டம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆவது பிரிவே, சட்டப்படி கொடுக்க வேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. கேன்டீன் சாப்பாடு மட்டும்தான் அதற்கு விலக்கு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அதன் 6ஆவது பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது: வேலையிடத்தில் பாதுகாப்புக்காகச் செய்வதற்கோ கொடுப்பதற்கோ தொழிலாளி தலையில் கட்டணம் சுமத்தக் கூடாது. இரும்பு தூக்குகிற இடத்தில் ஷூ பாதுகாப்புச் சாதனமா இல்லையா என்று யாரும் பட்டிமன்றம் நடத்த முடியாது.

"நீ எங்க ஆள் இல்லப்பா, காண்ட்ராக்ட் ஆள்" என்பார்கள். அதுவும் நிற்காது. பழைய சட்டத்திலேயே ஏஜென்சி மூலமோ காண்ட்ராக்டர் மூலமோ, முதன்மை முதலாளிக்கு, அதாவது கம்பெனிக்கு, தெரிந்தோ தெரியாமலோ வேலைக்கு வந்தவரும் தொழிலாளிதான் என்று விளக்கம் கொடுத்திருந்தார்கள். கம்பெனி கொடுக்கிறதா, காண்ட்ராக்டர் கொடுக்கிறாரா என்பது அவர்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் வேலை ஆர்டரிலேயே பாதுகாப்புச் சாதனங்களுக்கான செலவையும் சேர்த்துத்தான் காண்ட்ராக்டர் ரேட் போட்டிருப்பார். கம்பெனியிடமும் வாங்கிக்கொண்டு உங்களிடமும் பிடித்தால் அது இரட்டை வசூல்.

இணையத்தில் இதைத் தேடும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். சேஃப்டி ஷூவுக்கு முதலாளி காசு கொடுக்கத் தேவையில்லை என்று சில பக்கங்களில் வரும். அது அமெரிக்க விதி. அங்கே பெரும்பாலான சாதனங்களுக்கு முதலாளிதான் பொறுப்பு. சாதாரண இரும்பு முனை ஷூவை வேலைக்கு வெளியிலும் போட்டுப் போகலாம் என்பதால் அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. ஹெச்.ஆர். ஆட்களே சிலர் அதைப் படித்துவிட்டு வந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. கொடுத்த ஷூவைத் தொலைத்தாலோ வேண்டுமென்றே பாழாக்கினாலோ பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். வேலை செய்து தேய்ந்தது தேய்மானம்தான், அதில் சேராது. இன்னொன்று, கொடுத்ததைப் போடாமல் லாக்கரில் வைத்துவிட்டுச் செருப்போடு நின்று அடிபட்டால் இழப்பீட்டில் தகராறு வரும். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே தவிர்த்ததால் வந்த காயம் என்று முதலாளி வாதாட 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். உயிர் போனாலோ நிரந்தர முழு ஊனம் ஆனாலோதான் அந்த வாதம் செல்லாது. ஆகவே கடிக்கிற ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்பதைவிட, மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது.

சரி, ஏன் கடிக்கிறது?

கம்பெனி வாங்கும் விதத்தில்தான் கோளாறு. ஸ்டோர்ஸில் ஒரு தாளில் பெயரும் சைஸும் எழுதச் சொல்வார்கள். யார் காலையும் யாரும் அளப்பதில்லை. பாட்டா ஸ்லிப்பர் என்ன சைஸோ அதை எழுதிக் கொடுப்போம். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த ரேட்டுக்கு ஆர்டர் போகும். சிறு வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த கால் முன்பக்கம் அகன்று விரிந்திருக்கும். மலிவான ஷூவின் அச்சு அந்த இடத்தில்தான் ஒடுங்கியிருக்கும். சாதாரண ஷூ என்றால் தோல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். விரல்களுக்கு மேல் கவிந்திருக்கும் இரும்பு மூடி, அதாவது டோ கேப், எத்தனை மாதம் போட்டாலும் ஒரு நூல்கூட விரியாது. "போடப் போட சரியாகிடும்" என்று ஸ்டோர்ஸில் சொன்னால் குதிகால் விஷயத்தில் நம்பலாம், விரல் விஷயத்தில் நம்பாதீர்கள்.

நீங்கள் விரல் மேல் கடிக்கிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஹெல்பர், ஃபிட்டர் வேலையில் பாதி நேரம் தரையில் குத்தவைத்துத்தான் உட்கார்ந்திருப்போம். அப்போது ஷூ விரல்களின் அடியில் மடங்கும். டோ கேப்பின் பின்விளிம்பு அப்படியே விரல் கணுவுக்கு மேல் வந்து அழுத்தும். ஷூவுக்குள் கையை விட்டு, மேல்பக்கம் டோ கேப் முடியும் இடத்தைத் தடவிப் பாருங்கள். நல்ல ஷூவில் அந்த விளிம்புக்கு ரப்பர் பட்டையோ கனமான லைனிங்கோ கொடுத்து மூடியிருப்பார்கள். மட்டமானதில் ஒரு மெல்லிய துணிதான் இருக்கும், விரலுக்கு வெட்டுவாய் மாதிரியே தட்டுப்படும். அதனால் கடையில் நின்று பார்ப்பது, நாலடி நடந்து பார்ப்பது எல்லாம் போதாது. அங்கேயே குத்தவைத்து இரண்டு நிமிடம் உட்காருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

சைஸ் பார்க்க சாயந்திரம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போங்கள். லேஸ் கட்டுவதற்கு முன் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு நடந்தால் குதிகால் தூக்கக் கூடாது. சேஃப்டி ஷூவில் அரை சைஸ் பெரும்பாலும் கிடைக்காது. அகலம் பற்றவில்லை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும், படியில் தடுக்கும். அதற்கு வேறு மாடல் பார்ப்பதுதான் வழி. பெண்களுக்கு இன்னும் மோசம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பல ஸ்டோர்ஸில் 3, 4 சைஸ் இருக்காது. ஆண்களின் 5 சைஸைக் கொடுத்துப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அது ஷூ கொடுத்ததாகவே கணக்கில்லை.

அடுத்து முத்திரை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 15298 பகுதி 2 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பகுதி 2 என்றால் டோ கேப் 200 ஜூல் அடி தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட மாதிரி. அடி விழுந்த பிறகும் உள்ளே விரலுக்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய 41, 42 சைஸில் அது 14 மில்லிமீட்டர். பகுதி 3 என்று போட்டிருந்தால் பாதி, 100 ஜூல்தான். பகுதி 4 என்றால் டோ கேப்பே கட்டாயமில்லை. ஃபேப்ரிகேஷனுக்குப் பகுதி 2க்குக் குறைந்து வாங்காதீர்கள். முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் யார் தயாரிப்பு, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தள்ளுவண்டியில் 350 ரூபாய்க்கு 'ஸ்டீல் டோ' என்று விற்பதில் இதெல்லாம் இருக்காது.

எஸ்1, எஸ்1பி, எஸ்3 என்ற குறிகளும் இருக்கும். உங்கள் வேலைக்கு 'பி' முக்கியம். ஆணி, கம்பித் துண்டு, கட்டிங் பிசிறு எதுவும் அடிப்பக்கமாகக் குத்தி ஏறாமல் இருக்க நடுவில் ஒரு தகடு வைத்திருப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். எஸ்3 என்றால் மேல்தோல் தண்ணீரையும் தாங்கும், சோலில் பட்டன் பட்டனாகப் பிடிமானமும் இருக்கும்; மழையில் யார்டில் நிற்பவர்களுக்கு அது. அந்தத் தகடு எஃகாக இருந்தால் மெல்லிய ஆணியையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் மடங்காது. கெவ்லர் போன்ற நாரில் செய்ததாக இருந்தால் மடங்கும், எடையும் குறைவு. குத்தவைத்து உட்காரும் வேலைக்கு நான் நார்த் தகட்டைத்தான் சொல்வேன். கட்டட வேலை, ஆணி நிறைய கிடக்கும் இடம் என்றால் எஃகு.

இன்னொன்று, சேஃப்டி ஷூ போட்டால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். எஸ்1, எஸ்3 எல்லாம் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவதற்காக உள்ளவை, அதாவது கொஞ்சம் கடத்த வேண்டும் என்றே செய்தவை. எலக்ட்ரீஷியனுக்கு வேண்டிய ஷூ வேறு வகை.

உழைப்பு விஷயத்தில் எல்லாரும் தோலைத் தடவிப் பார்க்கிறார்கள், முதலில் போவது சோல்தான். பி.யு. சோல் (பாலியூரிதேன் என்ற நுரை பிளாஸ்டிக்) லேசானது, சிமென்ட் தரையில் எட்டு மணி நேரம் நிற்க அதைப் போல சுகம் கிடையாது. ஆனால் அதற்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. வெல்டிங் பொறி விழுந்தால் குழி விழும், லேத் பக்கம் நடந்தால் சுருள் சுருளாக இரும்புச் சீவல் குத்தி ஏறிக்கொள்ளும். அப்புறம், போடாமல் அலமாரியில் வைத்தாலும் அது காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும். நாலைந்து வருடம் குடோனில் கிடந்த புது ஷூ, போட்ட ஒரே வாரத்தில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடலாம். அதனால் தயாரித்த மாதமும் வருடமும் ஷூவில் எங்கே போட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கடையில் பாதி விலைக்குத் தள்ளுபடி என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெல்டிங், கேஸ் கட்டிங் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அடியில் நைட்ரைல் ரப்பரும் நடுவில் பி.யு.வும் உள்ள ஷூதான் சரி. எச்.ஆர்.ஓ. என்ற குறி இருந்தால் அடிப்பகுதி 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்குமாறு சோதித்தது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். சாதாரண பி.யு. 700, 900 ரூபாய் என்றால் இது 1,500க்கு மேல் போகும். உழைப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நஷ்டமில்லை. பி.வி.சி. சோலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கனம், சீக்கிரம் கட்டை ஆகிவிடும்.

வெல்டருக்கு லேஸ் இல்லாத மாடல் நல்லது. பொறி லேஸ் ஓட்டையில் உட்கார்ந்தால் கழற்றுவதற்குள் தோல் வெந்துவிடும். பேன்ட்டை ஷூவுக்குள் சொருகவும் கூடாது. சாக்ஸ் பருத்தியாக இருக்கட்டும், நைலான் உருகி ஒட்டும். தினமும் துவைத்ததைப் போடுங்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் எவ்வளவு நல்ல ஷூவும் கடிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், கொப்புளம் வந்தது அவர்களில் பலருக்குத் தெரியாமலே போகும். நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கமோ வெயிலிலோ வைக்காமல் பேப்பர் திணித்து நிழலில் காய வையுங்கள். டோ கேப் மேல் ஒரு தடவை பலமாக எதாவது விழுந்துவிட்டால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அந்த ஜோடியை மாற்றிவிட வேண்டும்.

"வருஷத்துக்கு ஒரு ஜோடிதான்" என்பது கம்பெனி வழக்கம். ஆறு மாதத்தில் சோல் வழுவழுவென்று ஆகிவிட்டால் ஆறு மாதத்தில் கேட்கலாம். வாயால் கேட்டால் போகும் வரும். அடிப்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து, தேதி போட்டு ஒரு தாளில் எழுதிச் சேஃப்டி ஆபீசரிடம் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் 900 ரூபாய்க்கு இப்போது என்ன செய்வது? எடுத்த எடுப்பில் புகார் போகச் சொல்ல மாட்டேன், புது வேலை, கேட் பாஸ் காண்ட்ராக்டர் கையில். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் என்ன பெயரில் வந்திருக்கிறது என்று பார்த்து ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் காண்ட்ராக்டரிடம் தனியாக, "சார், ஷூவுக்குப் பிடிச்ச காசு கம்பெனி பில்லில் வருமாமே, சேஃப்டி ஆபீசர்கிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேருக்கு அடுத்த மாதமே திரும்பி வந்துவிடும். வராவிட்டால் இதே வேலையில் பிடித்தம் ஆன நாலு பேர் சேர்ந்து கம்பெனி ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். தனி ஆளாகப் போகாதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால், ஷூ சம்பந்தப்பட்ட புகாருக்கு மாவட்டத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம் இருக்கிறது. ஊதியப் பிடித்தத்துக்குத் தொழிலாளர் துறை.

வெளியே வாங்குவதைப் பற்றி: கம்பெனி தருவது முறையான ஷூவாக இருந்து, உங்கள் விருப்பத்துக்காக விலை கூடிய மாடல் வேண்டும் என்றால் வித்தியாசத் தொகையை நீங்கள் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. சில கம்பெனிகளில் ஷூவுக்கு ஒதுக்கிய தொகைக்குக் கூப்பன் கொடுத்து, கடையில் போய்க் காலுக்குப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் உங்கள் ஷூ கடிப்பது விருப்பம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. சைஸும் அகலமும் பொருந்தாத ஷூவை மாற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை. அப்படியும் வெளியே வாங்குவதாக இருந்தால், வாங்கும் முன் சேஃப்டி ஆபீசரிடம் மாடலைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். பில்லை ஜி.எஸ்.டி. எண்ணோடு கம்பெனி பெயரில் போடச் சொல்லுங்கள், திரும்பக் கேட்கும்போது அது இல்லாமல் அக்கவுன்ட்ஸில் நகராது.