கிளைகளுக்கு நேரலை வகுப்பு: விபிஎன்னில் மல்டிகாஸ்ட் ஏன் வரவில்லை?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டியில் கிளைகள் உண்டு. இங்கே எடுக்கும் பாடத்தை மல்டிகாஸ்ட் முறையில் (ஒரே தடவை அனுப்பினால், கேட்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பெறும் முறை) எல்லா வகுப்பறைக்கும் அனுப்புகிறோம். வீடியோ 4 எம்பிபிஎஸ். கட்டிடத்துக்குள் நன்றாக ஓடுகிறது. கிளைகளை இணைக்க ஒரு கம்பெனியிடம் எம்பிஎல்எஸ் விபிஎன் (அவர்கள் நெட்வொர்க் வழியே நமக்கென்று தனி இணைப்பு) வாங்கினோம்; மதுரை லைன் 50 எம்பிபிஎஸ். பிங் போகிறது, ஃபீஸ் சாஃப்ட்வேர் ஓடுகிறது, வீடியோ மட்டும் வரவில்லை. கேட்டால், "மல்டிகாஸ்ட் தனி சர்வீஸ், கூடுதல் கட்டணம்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? பணம் கட்டலாமா?

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் உங்கள் தேவையைக் கேட்டுவிட்டு, விற்கும்போதே இதைச் சொல்லாமல் விட்டது தப்புதான். சாதாரண விபிஎன் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் டேட்டாவுக்கானது. மல்டிகாஸ்ட் போக வேண்டுமென்றால், எந்தக் கிளை எந்த வீடியோவைக் கேட்கிறது என்பதை கம்பெனியின் ரூட்டர்கள் உங்களுக்கென்று தனியாகக் கணக்கு வைத்திருக்க வேண்டும். 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6513, 6514 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணங்கள் சொல்வது இதற்கான வழிமுறைதான். அவர்களுக்கு அது கூடுதல் வேலை.

பணம் கட்டுமுன் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். பல சாஃப்ட்வேர்களில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டின் டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்; பூஜ்யமானால் பாக்கெட் நின்றுவிடும்) 1 என்றே இருக்கும். முதல் ரூட்டரிலேயே அது செத்துவிடும். 16 என்று வையுங்கள். வீடியோ போகும் மல்டிகாஸ்ட் முகவரி (இதைத்தான் 'குரூப்' என்பார்கள்) 224.0.0 என்று தொடங்கினாலும் ரூட்டரைத் தாண்டாது. 239-இல் தொடங்கும் முகவரிக்கு மாறுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால்தான் விபிஎன் பக்கம் பிரச்சினை.

என்னைக் கேட்டால், நான்கு கிளைக்கு அந்தக் கூடுதல் கட்டணம் வேண்டாம். கிளைக்கு ஒரு பிரதி வீதம் அனுப்பினாலும் 16 எம்பிபிஎஸ்தான். உங்கள் 50-இல் தாராளமாக அடங்கும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரை வைத்து அந்தப் பிரதியை வாங்கி, உள்ளே மல்டிகாஸ்டாக விடச் சொல்லுங்கள். கிளை லைன் 4-க்கு மேல் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். "ஜிஆர்இ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து ரூட்டருக்கு ரூட்டர் அனுப்பும் வழி) போட்டால் பேண்ட்வித் மிச்சம்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். டனலில் மல்டிகாஸ்ட் போகும், உண்மை. ஆனால் நான்கு பிரதி எடுப்பது உங்கள் மதுரை ரூட்டர்தான். லைனில் அதே 16 எம்பிபிஎஸ் ஓடும். பிரதி எடுக்கும் வேலை கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் நடந்தால்தான் உங்கள் லைன் மிச்சமாகும். முப்பது நாற்பது கிளை வந்த பிறகு அதை யோசிக்கலாம்.

புகார் விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கும் சேவையை விலக்குகிறது. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதாகக் காட்ட முடிந்தால்தான் புகாருக்கு வாய்ப்பு. நான்கு கிளை வைத்திருப்பவர் அதைக் காட்டுவது சிரமம். அதனால் உங்களுக்குப் பிடிமானம் பர்ச்சேஸ் ஆர்டர்தான். பின்னாளில் இந்த சர்வீஸை வாங்கினால், "வாடிக்கையாளரின் மல்டிகாஸ்ட் எல்லாக் கிளைகளுக்கும் போகும், பிரதி எடுப்பது சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கில், இத்தனை குரூப், இத்தனை எம்பிபிஎஸ்" என்று எழுதி வாங்குங்கள். எல்லா ஊரிலும் ஒரு முழு வகுப்பு தடங்கலில்லாமல் ஓடிய பிறகே முதல் பில்லைக் கட்டுவதாகவும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.