ஷெல்லில் ஓடும் ஸ்பார்க் கோடு தனி அப்ளிகேஷனாக எழுதினால் ஏன் விழுகிறது?

ஸ்பார்க் (பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்து ஓட்டும் மென்பொருள்) கோடு, வரி வரியாக அடித்துப் பார்க்கும் ஷெல்லில் அருமையாக ஓடுகிறது, அதையே தனி அப்ளிகேஷனாக எழுதி ஜார் (கம்பைல் செய்த கோடைக் கட்டிய பொட்டலம்) போட்டால் விழுந்துவிடுகிறது, என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஸ்கேலா மொழிக் கோடு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். முதலில் பில்ட் ஃபைலை, அதாவது எந்த வெர்ஷன், எந்த லைப்ரரி என்று எழுதி வைக்கும் ஃபைலைப் பாருங்கள். எனக்கு அதில் மூன்று ராத்திரி போனது.

2016-இல், டெஸ்டிங் டீமிலிருந்து டேட்டா பக்கம் வந்த புதிது. கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் மெஷின்களின் கூட்டம்) ஸ்பார்க் 1.6. லாக் ஃபைலில் 'எரர்' வரும் வரிகளை எண்ண வேண்டும், முப்பது வரி கோடு கூட இல்லை. என் லேப்டாப்பில் எஸ்பிடி (ஸ்கேலாவின் பில்ட் டூல்) ஃபைலில் ஸ்கேலா 2.11 என்று போட்டேன். ஒரு வார்னிங் கூட இல்லாமல் கம்பைல் ஆனது. ஜாரைக் கிளஸ்டருக்கு அனுப்பும் ஸ்பார்க்-சப்மிட் கமாண்டைக் கொடுத்ததும் 'நோ சச் மெத்தட் எரர்'. இல்லை என்று அது காட்டிய மெத்தட் நான் எழுதியதே அல்ல, ஸ்கேலாவுக்குள்ளேயே இருப்பது. எங்கே போய்த் தேடுவது?

மூன்றாம் ராத்திரி ஷெல்லைத் திறந்தபோது, பெரிதாக வரும் ஸ்பார்க் பெயருக்குக் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது: ஸ்கேலா வெர்ஷன் 2.10.5. தினமும் வந்துகொண்டிருந்த வரிதான். 2.10-க்கும் 2.11-க்கும் பைனரி ஒத்துப்போகாது, ஒன்றுக்குக் கம்பைல் செய்தது மற்றதில் ஓடும் என்று நம்ப முடியாது. டிபெண்டன்சி (நமக்கு வேண்டிய லைப்ரரி) வரியில் இரண்டு சதவீதக் குறி போடுகிறோமே, அது நாம் கொடுத்த ஸ்கேலா வெர்ஷனை லைப்ரரி பெயரின் வாலில் ஒட்டித் தேடும். நான் 2.11 கொடுத்தேன், அதற்கான ஜாரை எடுத்து வந்துவிட்டது. கிளஸ்டரில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 2.10 என்று மாற்றினேன், ஓடியது. அன்று அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்று. லேப்டாப்பில் சோதிக்கும்போது மாஸ்டரை (எங்கே ஓட வேண்டும் என்ற செட்டிங்) 'லோக்கல்' என்று கோடுக்குள்ளேயே எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். கோடில் இருப்பதுதான் ஜெயிக்கும், சப்மிட்டில் நீங்கள் கொடுக்கும் மாஸ்டர் எடுபடாது. அப்படி ஒருமுறை முழு டேட்டாவும் ஒரே மெஷினில் ஒற்றை த்ரெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பார்க்கின் வெப் திரை வரும் 4040 போர்ட்டில், வேலை செய்யும் ப்ராசஸ்களைக் காட்டும் எக்ஸிக்யூட்டர்ஸ் பக்கத்தைத் திறந்தால், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிரைவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. கடைசியாக, ஸ்கேலாவின் 'ஆப்' என்ற ரெடிமேட் வசதியை எக்ஸ்டெண்ட் செய்யாமல் மெயின் மெத்தடை நீங்களே எழுதுங்கள், ஸ்பார்க் டாக்குமெண்டே அப்படித்தான் சொல்கிறது.

பைத்தானில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது வருவீர்கள். இந்த ஸ்கேலா வெர்ஷன் சண்டை அங்கே இல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் ஸ்கேலாவில் அல்லவா கேட்டிருக்கிறார்? மேவன் என்ற வேறு பில்ட் டூலில் கட்டுபவர்களுக்கும் சொல்கிறேன், அந்த வெர்ஷன் வாலை நீங்கள் கையால் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்காவிடம் கடன் வாங்கி ஒரு பயிற்சி மையத்தில் ஃபீஸ் கட்டினேன். நாற்பத்தைந்து நாளும் ஷெல்தான். ஒரு நாள்கூட ஒரு ஜார் கட்டிக் காட்டவில்லை. கேட்டால் 'அதெல்லாம் வேலையில் பழகிக்கலாம் தம்பி' என்றார்கள். கிளாஸில் பாதிப் பேர் ஊரில் நகையை அடகு வைத்து வந்தவர்கள். சர்டிஃபிகேட்டில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, திருத்த இருநூறு ரூபாய் கேட்டார்கள். அந்தப் பணத்தையும் கட்டினேன்.

உங்கள் ஷெல்லின் முதல் திரையையும் பில்ட் ஃபைலையும் கமெண்டில் போடுங்கள். இன்று ராத்திரியே பார்த்துச் சொல்கிறேன்.