மூன்று நாட்டிலிருந்து ஒரு மான்: வாசகர் கேள்வி, ஓவியர் பதில்

கேள்வி: கூடப் படித்த சிநேகிதி ரொறன்ரோவில், இன்னொரு சிநேகிதன் லண்டனில், நான் உப்புவெளியில். மூவரும் சேர்ந்து நம்மூர் திருகோணமலையில் தெருவில் திரியும் மான் ஒன்றை நாயகனாக்கி ஒரு சித்திரக்கதை செய்ய ஆசை. மூவருமே வரைவோம், ஆனால் மூன்று விதமான கை. ஒரே ஆள் வரைந்தது போல் எப்படிக் கொண்டுவருவது?
(வாசகி, உப்புவெளி)

பதில்: கொண்டுவர வேண்டாம், தங்கச்சி. ஒருவர் பென்சிலில் போட, இன்னொருவர் மையிட, மூன்றாமவர் நிறம் தீட்டுவது பெரிய கொமிக்ஸ் நிறுவனங்களின் முறை. அங்கே சம்பளம் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. சிநேகிதர்களுக்குள் அது சரிவராது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் சும்மா இருக்க வேண்டியதுதான். ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரியுங்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் நடப்பது ஒருவருக்கு, பஸ் நிலையம் ஒருவருக்கு, டச்சுக்குடா கடற்கரை மற்றவருக்கு. இடம் மாறும்போது கையும் மாறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மான் மட்டும் மாறக்கூடாது. தொடங்குவதற்கு முன் ஒரு ஏ4 தாளில் அதை நேராக, பக்கவாட்டில், ஓடும்போது, படுத்திருக்கும்போது என்று வரைந்து மூவரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிமானில் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. ஒரு கொம்புக்கு வழக்கமாக மூன்று முனை. (என் வாழைக்கன்றைத் தின்றவருக்கும் அப்படித்தான், நன்றாகப் பார்த்துவிட்டேன்.) ஆண்டுக்கொருமுறை கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும். அதனால் கதை பல மாதம் நீண்டால், மொட்டைத் தலையோடும் நாயகனை வரைந்து வையுங்கள். ரொறன்ரோ சிநேகிதியிடம் கவனம்! அந்தப் பக்கத்து வெள்ளைவால் மானுக்கு வளர்ந்தபின் புள்ளி இருக்காது.

ஊர்ப் படங்களை நீங்கள்தான் எடுத்து அனுப்ப வேண்டும். கோணேசர் கோயிலை எல்லாரும் ஞாபகத்திலிருந்தே வரைந்துவிடுவார்கள். மரக்கறிக் கடை வாசலில் மான் கழிவைக் கிளறும் இடம், கடைக்காரர் விரட்டும் விதம், அதெல்லாம் தூரத்தில் இருப்பவருக்கு மறந்துபோயிருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.

வசனத்தை முதலில் எழுதுங்கள், படம் பிறகு. தமிழ்ச் சொல் நீளம். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று ஒரே சொல் வந்தாலே பேச்சுக் குமிழி படச் சட்டத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். குமிழிக்குள் எழுத்துப் போடுவதைக் கடைசிவரை ஒரே ஆள் செய்யட்டும், அதுவும் யூனிகோட்டில். பாமினியில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

பேசிக்கொள்ள நல்ல நேரம் நமக்கு இரவு ஏழரை. கோடையில் அது லண்டனில் பின்னேரம் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10.

கேள்வி: கதையே யோசிக்காமல் நாலு பேர் மாறி மாறி வரையலாமா?
(மாணவன், மூதூர்)

பதில்: தாராளமாக. 1920களில் பாரிஸில் சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் தாளை மடித்து, முந்தியவர் வரைந்ததைப் பார்க்காமலே தொடர்ந்து வரைந்து விளையாடினார்கள். நீங்கள் கடைசிச் சட்டத்தை மட்டும் அடுத்தவருக்கு அனுப்புங்கள். ஆறேழு பக்கம் நல்ல பகிடியாக ஓடும். அதற்கு மேல் இழுத்தால் வரைகிறவர்களுக்கு மட்டும்தான் சிரிப்பு வரும்.

கேள்வி: நண்பர்களோடு 14 பக்கம் வரைந்து முடித்தோம். அச்சகத்தில் 16 ஆக்கச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
(வாசகர், கிண்ணியா)

பதில்: இல்லை. ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம் வரும். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து கொடுங்கள், நிறப் படத்துக்கு 300 போதும். மிஞ்சும் இரண்டு பக்கத்தில் ஒன்றில், எந்தப் பக்கம் யார் வரைந்தது என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியீட்டன்று அதுதான் சண்டை.