19 அத்தியாயம், மூன்று படம்

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ 1937 செப்டம்பரில் சிறுவர்களுக்கான நாவலாக வெளிவந்தது. 19 அத்தியாயங்கள், சுமார் 300 பக்கங்கள். பீட்டர் ஜாக்சன் அதை மூன்று படங்களாக்கி 2012, 2013, 2014 டிசம்பர்களில் வெளியிட்டார். சிறிய நாவலைப் பெரிய படமாக்குவது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த மூன்று படங்களையே சுற்றி வருகின்றன.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களும் மூன்றுதானே, அவை இன்னும் நீளம்தானே? அங்கே உறுத்தாத நீளம் இங்கே ஏன் உறுத்துகிறது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். திரையரங்கில் ஓடிய ரிங்ஸ் படங்கள் 178, 179, 201 நிமிடங்கள், கூட்டினால் 558. ஹாபிட் படங்கள் 169, 161, 144, கூட்டினால் 474. ரிங்ஸ் நாவலில் ஏறத்தாழ 4,80,000 சொற்கள், ஹாபிட்டில் ஏறத்தாழ 95,000. அதாவது ரிங்ஸில் ஒரு நிமிடப் படத்துக்கு 860 சொற்கள் கிடைத்தன, ஹாபிட்டில் 200. நிமிடத்துக்கு 250 சொல் வேகத்தில் படிப்பவர் ஹாபிட் நாவலை 6 மணி 20 நிமிடத்தில் முடித்துவிடுவார். மூன்று படங்களையும் பார்க்க 7 மணி 54 நிமிடம் வேண்டும்.

ஆனாலும் இந்த விகிதத்தை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. பத்துப் பக்கச் சிறுகதையிலிருந்து இரண்டு மணி நேரப் படம் நன்றாகவே வந்ததுண்டு. தனியாக வெளியாகும் ஒவ்வொரு படமும் தனக்கென்று ஒரு தொடக்கத்தையும், நடுவில் ஒரு திருப்பத்தையும், முடிவில் ஓர் உச்சக்காட்சியையும் கேட்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரிங்ஸ் நாவலில் ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோகும் கூட்டங்கள், தனித்தனி முற்றுகைகள், தனித்தனி முடிவுகள் உண்டு. ஹாபிட் ஒற்றைக் கோட்டுக் கதை: பில்போ என்ற ஹாபிட் (குட்டி உருவ இனத்தவன்) 13 குள்ளர்களோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறான், மலைக்குப் போகிறான், டிராகனைச் சந்திக்கிறான், புதையலுக்காக நண்பர்களே மோதிக்கொள்ளும்போது நடுவில் நிற்கிறான், வீடு திரும்புகிறான். அதில் இல்லாத இரண்டு உச்சக்காட்சிகளை வெளியிலிருந்து செய்து கொண்டுவர வேண்டியிருந்தது. இழுவை அந்த இரண்டு இடங்களிலிருந்துதான் பரவியது.

மூன்றாவது படம் எப்போது முடிவானது? அதனால் என்ன மாறியது?

இரண்டு படங்கள் என்ற திட்டத்தில்தான் நியூசிலாந்தில் 266 நாள் முதன்மைப் படப்பிடிப்பு நடந்தது. அது 2012 ஜூலை தொடக்கத்தில் முடிந்தது. மூன்றாவது படம் உண்டு என்ற அறிவிப்பு அதே மாதம் 30ஆம் தேதி வந்தது. முதல் படம் வெளியாக ஐந்து மாதம்கூட இல்லை. கூடுதல் காட்சிகளை 2013ல் எடுத்தார்கள்.

இரண்டு படம் என்றால் கதையை ஓரிடத்தில் வெட்டினால் போதும், மூன்று என்றால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். முதல் வெட்டு ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் விழுந்தது. நாவலில் அங்கே நடப்பது என்ன? பயணிகள் மரத்தில் ஏறித் தப்பிக்கிறார்கள், ஓநாய்களும் காப்ளின் என்ற கொடிய உயிரினங்களும் கீழே தீ வைக்கின்றன, கழுகுகள் வந்து தூக்கிச் செல்கின்றன. விறுவிறுப்பான ஓர் இடம்தான், ஆனால் ஒரு படத்தை முடித்துவைக்கும் பலம் அதற்கில்லை. அந்தப் பலத்துக்காக அஸாக் என்ற ஆர்க் (காப்ளின்) தலைவன் வந்தான், குள்ளர்களின் தலைவன் தோரின் அவனோடு மோதினான், பில்போ வாளோடு பாய்ந்து தோரினைக் காப்பாற்றினான். மூன்று மணி நேரப் படத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது. ஆனால் நாவலில் பில்போவின் துணிச்சல் எட்டாம் அத்தியாயத்தில், இருட்டில், தனியாக ஒரு சிலந்தியைக் கொன்ற பிறகுதான் பிறக்கிறது. அதைப் படம் முன்கூட்டியே செலவழித்துவிட்டது.

இரண்டாவது வெட்டு இன்னும் மோசம். நாவலில் குள்ளர்கள் மலைக்குள் டிராகனோடு சண்டையிடுவதே இல்லை. பில்போ மட்டும் இரண்டு முறை சுரங்கத்தில் இறங்குகிறான். இரண்டாம் முறை டிராகனிடம் பேச்சுக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான். சினம் கொண்ட ஸ்மாக் என்ற அந்த டிராகன் ஏரி நகரத்தை அழிக்கப் பறக்கிறது. படத்தில் உலைகள், உருகிய தங்கம், பிரம்மாண்டச் சிலை என்று ஒரு நீண்ட துரத்தல் சேர்ந்தது. அத்தனைக்குப் பிறகும் டிராகனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, குள்ளர்களில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. இரண்டு படங்களாக நாம் காத்திருந்த டிராகன் மூன்றாம் படத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போகிறது. அதற்கு மேல் இரண்டு மணி நேரப் படம் மீதி இருக்கிறது.

அஸாக், டோல் குல்டூர் (தீய சக்தி குடியிருக்கும் கோட்டை) காட்சிகள் எல்லாம் டோல்கீனே ரிங்ஸ் நாவலின் பின்னிணைப்பில் எழுதியவைதானே? அவற்றைச் சேர்த்தது எப்படித் தவறாகும்?

பின்னிணைப்பில் இருப்பவை பெரும்பாலும் காட்சிகள் அல்ல, சுருக்கமான வரலாறும் ஆண்டுக்குறிப்புகளும். அஸாக் அதில் வருகிறான். ஆனால் டோல்கீனின் கற்பனை ஆண்டுக்கணக்கில் மூன்றாம் யுகம் 2799ல் நடந்த போரில் டெய்ன் என்ற குள்ளன் கையால் கொல்லப்படுகிறான். பில்போ பயணம் கிளம்புவது 2941ல். செத்து 142 ஆண்டு ஆனவனைத்தான் படம் துரத்தவிடுகிறது. நாவலின் போரில் ஆர்க் படைக்குத் தலைமை தாங்குபவன் அவன் மகன் போல்க். மந்திரவாதி கண்டால்ஃப் டோல் குல்டூருக்குள் நுழைந்து தோரினின் தந்தையைச் சந்தித்து வரைபடத்தையும் சாவியையும் வாங்குவது 2850ல், அதாவது பயணத்துக்கு 91 ஆண்டுகள் முன்பு.

காலத்தை மாற்றுவது திரைக்கதையாளரின் உரிமை, அதில் எங்களுக்குப் புகார் இல்லை. கண்டால்ஃப் நடுவழியில் எங்கே காணாமல் போகிறார் என்ற கேள்விக்கு நாவல் கடைசியில் சில வரிகளில் பதில் சொல்லிவிடுகிறது. அந்த வரிகள் மூன்று படங்களிலும் தனி இழையாக வளர்ந்தன. அந்த இழையில் என்ன நடந்தாலும் மலையடிவாரத்தில் நிற்கும் பில்போ அடுத்து எடுக்கும் முடிவு மாறாது. ஒவ்வொரு முறை படம் அங்கே தாவும்போதும் நாயகனின் கதை நின்றுபோகிறது. மூல ஆசிரியரின் எழுத்து என்பதாலேயே ஒரு காட்சிக்கு இடம் கிடைத்துவிடாது.

டாரியல் என்ற எல்ஃப் இனப் பெண் பாத்திரம் தேவையா?

நாவலில் அவர் இல்லை. கதைக்குள் நடமாடும் பெண் பாத்திரம் ஒன்றுகூட இல்லாத நாவலில் ஒருவரைச் சேர்க்க நினைத்தது நியாயமே. அவரைக் கிலி என்ற குள்ளனோடு காதல் இழையில் கட்டிப்போட்டதுதான் வீணானது. அவரும் பில்போவும் ஒருவர் கதையை ஒருவர் மாற்றுவதே இல்லை.

சுமார் 200 பக்கமுள்ள ஒரு மாயக்கதை நாவலைத் திரைக்கதையாக்க உரிமை பெற்றிருக்கிறேன். ஒரு படமா, இரண்டா என்று எப்படி முடிவு செய்வது?

பக்கத்தை எண்ணாதீர்கள், முடிவுகளை எண்ணுங்கள். நாவலை மறுபடி படிக்கும்போது கையில் வெற்று அட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு முடிவெடுத்து, அதனால் நிலைமை மாறினால் ஓர் அட்டை. “யார், என்ன முடிவு, என்ன மாறியது” என்று ஒரே வரி போதும். வர்ணனைக்கும் வழிநடைக்கும் பாட்டுக்கும் அட்டை கிடையாது. பத்து நிமிடம் ஓடக்கூடிய துரத்தலானாலும், அதில் யாரும் எதையும் இழக்கவில்லை, புதிதாக எதுவும் தெரியவரவில்லை என்றால் அதற்கும் அட்டை கிடையாது. இதில் மட்டும் கறாராக இருங்கள்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படம் 110 முதல் 120 பக்கம். காட்சிக்குச் சராசரி இரண்டு பக்கம் என்றால் 55 முதல் 60 காட்சிகள். உங்கள் அட்டைகள் 60க்குள் அடங்கினால் அது ஒரே படம்தான். 80 வந்தால் பலரும் ‘இரண்டு படம்’ என்று குதிப்பார்கள். அங்கேதான் தவறுகிறது. 80ஐ 120 ஆக்க 40 காட்சிகளை நீங்களே புனைய வேண்டும். அதைவிட, ஒரே வேலையைச் செய்யும் அட்டைகளை இணைத்து 60க்குக் கொண்டுவருவது எளிது, படத்துக்கும் நல்லது. அட்டைகள் 100ஐத் தாண்டும்போது இரண்டு படம் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு கேள்வி முழுதாக முடிந்து அதைவிடப் பெரிய கேள்வி திறக்கும் இடம் ஒன்று நடுவில் இருக்க வேண்டும். ஹாபிட்டில் அப்படி ஓர் இடம் உண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில் குள்ளர்கள் பீப்பாய்களுக்குள் அடைபட்டு எல்ஃப் அரசனின் சிறையிலிருந்து ஆற்று வழியே தப்புகிறார்கள். காட்டு வழி முடிகிறது, அடுத்து மலை. தப்பவைத்தவன் பில்போ, தனியாக. 19ல் ஒன்பது, வெட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் அந்த நாவலில் இல்லை.

பிறகு ஒவ்வோர் அட்டையையும் உருவிப் பாருங்கள். அது இல்லாமலும் நாயகனின் அடுத்த முடிவு புரிகிறது என்றால் அந்த அட்டை வெளியே போகலாம். புதிதாக நீங்கள் சேர்க்கும் காட்சிக்கும் இதே சோதனைதான்.

இன்னொன்று, கதைசொல்லியின் குரல். டோல்கீன் நாவலில் கதைசொல்லி குழந்தைகளிடம் நேரடியாகப் பேசுகிறார்; பல நாள் பயணத்தை அரை வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார். திரைக்கதையில் அந்தக் குரலை எடுத்துவிட்டால் அரை வாக்கியம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. எழுதுபவர் பதறிப்போய் அதில் ஒரு தாக்குதல் காட்சியைப் போட்டு மூடுவார். இரண்டு வரிப் பின்னணிக் குரலோ, வரைபடத்தின் மேல் நகரும் ஒரு ஷாட்டோ போதும். பத்து விநாடி வேலை.

போர்க் காட்சிக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஐந்து படைகளின் போர் நாவலில் ஒரு அத்தியாயம்கூட முழுதாக இல்லை. நடுவிலேயே பில்போ தலையில் கல் விழுந்து மயங்கிவிடுகிறான். விழித்ததும் தோரின் சாகக் கிடக்கிறான் என்று தெரிகிறது. போரின் வலியை வாசகருக்குக் கடத்துவதே அந்த மயக்கம்தான். படத்தில் அந்தப் போர் முக்கால் மணி நேரத்துக்கு ஓடுகிறது. உங்கள் நாவலில் போர் எத்தனை வரி என்று பாருங்கள். யார் கண் வழியாக அது தெரிகிறதோ அவர் பார்க்காததை நீங்களும் காட்டாதீர்கள்.

ஹாபிட் படங்களை விநாடிக்கு 48 பிரேமில் எடுத்தார்கள் என்றார்களே, அதுவும் சலிப்புக்குக் காரணமா?

நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வழக்கம் 24. இரட்டிப்பாக்கும்போது அசைவின் மங்கல் குறைந்து எல்லாம் பளிச்சென்று தெரியும். செட்டும் ஒப்பனையும்கூட அப்படியே தெரிந்துவிடும். முப்பரிமாணம் என்பதால் கண்ணுக்கு 48 வீதம் விநாடிக்கு 96 படங்கள். கிராஃபிக்ஸ் வேலையும் அதே அளவு பெருகும். நீளமான படத்துக்கு இது கூடுதல் சுமை. வீட்டு வட்டுகள் 24 பிரேமில் வந்தன, அங்கே இந்தத் தொல்லை இல்லை.

வட்டுத் தொகுப்பு வாங்கி வைத்திருக்கிறேன். நாவலுக்கு நெருக்கமாக, சுருக்கமாகப் பார்க்க வழி உண்டா?

உண்டு. திரையரங்கப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், நீட்டிக்கப்பட்ட பதிப்பு இதற்கு உதவாது. முதல் படத்தில் முதிய பில்போ தன் கதையை எழுதும் பகுதி, ராடகாஸ்ட் என்ற இன்னொரு மந்திரவாதி, கண்டால்ஃப் கலந்துகொள்ளும் வெள்ளைச் சபைக் கூட்டம் ஆகியவற்றைத் தாண்டலாம். இரண்டாம் படத்தில் டோல் குல்டூர் முழுவதும், குள்ளர்கள் டிராகனோடு நடத்தும் உலைச் சண்டை. மூன்றாம் படத்தில் ஏரி நகரத்து ஆல்ஃப்ரிட் வரும் இடங்களும், பில்போ இல்லாத போர்க் காட்சிகளில் பெரும்பகுதியும்.

இரண்டு இடங்களில் இடறும். அஸாக்கை முழுதாக எடுக்க முடியாது. முதல் படத்தின் முடிவில் தோரின் பில்போவை அணைத்துக்கொள்வதற்குக் காரணமே அந்த மோதல்தான். ஆகவே அவன் வரும் முந்தைய காட்சிகளை மட்டும் தாண்டுங்கள். அடுத்தது கிலியின் காயம். பீப்பாய்க் காட்சியில் அவன் மேல் அம்பு பாய்கிறது. அதனால் அவனோடு மூன்று பேர் ஏரி நகரத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அந்த இழையை முழுவதும் தாண்டினால் 13 குள்ளர்களில் ஒன்பது பேர் மட்டும் மலைக்குப் போவது புரியாது. படகு கிளம்பும்போது கிலி பின்தங்கும் ஒரு காட்சியை விட்டுவையுங்கள், அது போதும்.

கணினியில் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் படத்தையும் ஒலியையும் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டாம். பின்னணி இசை பாதியில் அறுபட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அடுத்த காட்சியின் ஒலி ஒன்றிரண்டு விநாடி முன்னதாகவே உள்ளே வரட்டும்.

நீட்டியதால் மேம்பட்ட இடம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. நாவலில் மூன்று ட்ரோல்களிடமிருந்து (வெயில் பட்டால் கல்லாகிவிடும் பூதங்கள்) குள்ளர்களைக் காப்பது கண்டால்ஃப். ட்ரோல்களின் குரலில் பேசி அவற்றுக்குள் சண்டை மூட்டி விடியும்வரை இழுத்தடிக்கிறார். படத்தில் சமையல் பற்றிப் பேசிப் பேசி நேரத்தைக் கடத்துபவன் பில்போ. காட்சி நீண்டது, நாயகனும் வளர்ந்தான்.

ஐந்தாம் அத்தியாயத்தில் பில்போவும் கோல்லம் என்ற குகைவாசியும் மோதும் விடுகதைப் போட்டியையும் படம் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவைத்தது. அவசரமில்லாமல், இரண்டே பேர், இருட்டு, பேச்சு. மூன்று படங்களிலும் சிறந்த காட்சி அதுதான் என்போம். அந்த அத்தியாயத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1937 பதிப்பில் கோல்லம் தன் மோதிரத்தையே பரிசாகத் தருவதாகச் சொல்லியிருந்தான். போட்டி முடிந்து இருவரும் பகையில்லாமல் பிரிகிறார்கள். ரிங்ஸ் கதையோடு பொருந்துவதற்காக டோல்கீன் அதைத் திருத்தி நீட்டினார். 1951 பதிப்பில் அது வெளிவந்தது. கோல்லமைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரக்கப்பட்டு பில்போ அவனைத் தாண்டிக் குதிக்கும் இடம் அப்போது சேர்ந்ததுதான். 1960ல் முழு நாவலையுமே ரிங்ஸின் தொனியில் திருத்தி எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார்.