மாஸ்க் போடாத கேஷியரும் காசுக்கு வித்த விலக்கு கார்டும்: கேள்வி-பதில்

கொரோனாவால கடைல எல்லாரும் மாஸ்க் போடணும், உடம்பால முடியாதவங்களுக்கு மட்டும் விலக்குன்னு இருந்த காலத்துல எழுதுனது இது. இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல சூப்பர்மார்க்கெட்டும் மாஸ்க்கும்தான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளி வச்சிட்டேன். நீளமா எழுதுனவங்க கோச்சுக்காதீங்க, சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: பில் போடுற பொண்ணு மாஸ்க் போடல. கேட்டா "எனக்கு விலக்கு இருக்கு"ங்குது. சர்டிபிகேட்ட காட்டுன்னேன், காட்டல. எடுத்த சாமான் எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். நான் செஞ்சது சரிதானே?

பதில்: வாங்காம வந்தது உங்க இஷ்டம், அதுல தப்பு இல்ல. சர்டிபிகேட் கேட்டதுதான் தப்பு. அந்தப் பொண்ணோட உடம்புக்கு என்னன்னு வேலை கொடுத்தவர் விசாரிக்கலாம், நாம விசாரிக்க முடியாது. விலக்குன்னா உடனே மூச்சு வியாதின்னு நெனச்சுடுறோம். மூஞ்சிய மூடுனாலே பதறிப் போறவங்க இருக்காங்க, ஆட்டிசம் உள்ளவங்க இருக்காங்க, முகத்துல தீக்காயம் பட்டவங்க இருக்காங்க, முன்னாடி எப்பவோ யாரோ வாயைப் பொத்தி அடிச்சது இன்னும் மனச விட்டுப் போகாதவங்க கூட இருக்காங்க, இதையெல்லாம் கியூல நிக்கிற பத்து பேர் காதுல விழற மாதிரி அந்தப் பொண்ணு சொல்லணுமா?

ஆனா உங்க பயம் நியாயமான பயம், அத நான் குறைச்சுப் பேசல. வீட்ல வயசானவங்க இருந்தா எனக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பயத்த மேனேஜர்கிட்ட கொண்டு போங்க. ஒருத்தருக்கு விலக்குன்னா அவர் மாஸ்க் போட வேண்டாம், அவ்வளவுதான், கடை எதுவுமே செய்ய வேண்டாம்னு ஆயிடாது. மாஸ்க் போட முடியாதவங்கள முகத்துக்கு முகம் பேசுற கவுன்டர்ல ஏன் உக்கார வச்சீங்க, கடை மூடுன அப்புறம் ரேக் அடுக்குற வேலை, குடோன் கணக்கு, போன் ஆர்டர் எழுதுற வேலை எதுவும் இல்லையா, இங்கதான் உக்காரணும்னா நடுவுல தடுப்பு எங்க, காத்து வர வழி எங்க, "பக்கத்து கவுன்டருக்கும் போகலாம்"னு ஒரு போர்டாவது எங்கன்னு கேளுங்க. பதில் வரலன்னா எழுதிக் கொடுங்க. உக்கார வச்சவர விட்டுட்டு உக்காந்திருந்த பொண்ணுகிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கீங்க.

கேள்வி: வால்வு வச்ச மாஸ்க் விலை ஜாஸ்தியா இருக்கு, அப்ப பாதுகாப்பும் ஜாஸ்தியா?

பதில்: உங்களுக்கு மட்டும். நீங்க விடுற மூச்சு அந்த வால்வு வழியா வடிகட்டாம நேரா எதிர்ல இருக்கிற கேஷியர் மூஞ்சிக்குப் போகும். ஆரம்பத்துல விவரம் தெரியாம ஒரு பெட்டி நிறைய இதையே வாங்குனேன், அதப் போட்டுக்கிட்டுத்தான் ஒரு மாசம் கடை கடையா போய் வந்தேன், இப்ப நெனச்சாலும் மனசு உறுத்துது. வாங்காதீங்க.

கேள்வி: சூப்பர்மார்க்கெட்ல ரேக் அடுக்குற வேலை பாக்குறேன், ஆஸ்துமா இருக்கு. ஆன்லைன்ல "மாஸ்க் விலக்கு கார்டு" காசு கட்டி வாங்குனேன். மேனேஜர் பாத்துட்டு இது செல்லாதுன்னு சொல்லிட்டார். கார்டுல அரசு முத்திரையெல்லாம் இருக்கே?

பதில்: உங்கள ஏமாத்திட்டாங்க தம்பி. உங்க மேல தப்பு இல்ல, மூச்சு விடக் கஷ்டப்படுறவர் ஒரு வழி தேடுனீங்க, அந்தக் கஷ்டத்த வச்சு ஒருத்தன் சம்பாதிச்சிருக்கான்.

இந்த கார்டு வியாபாரத்தப் பத்தி நான் ரொம்ப நாளா கத்திக்கிட்டு இருக்கேன், இன்னொரு தடவையும் சொல்றேன். 2020 ஜூன்லயே அமெரிக்க நீதித்துறை எச்சரிக்கை விட்டுச்சு, தங்களோட முத்திரைய போட்டு, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட பேர எழுதி, "உள்ள விடலன்னா கடைக்கு அபராதம்"னு மிரட்டி மாஸ்க் விலக்கு கார்டு சுத்துது, அது போலி, நாங்க கொடுத்தது இல்லன்னு. இங்கிலாந்துல அப்ப விலக்குக்கு கார்டே தேவைப்படல, வேணும்ங்கறவங்க அரசு இணையதளத்துலயே இலவசமா எடுத்து பிரிண்ட் போட்டுக்க முடிஞ்சது, அப்படியும் அதே மாதிரி கார்ட லேமினேட் பண்ணி காசுக்கு வித்தாங்க. சூரியகாந்திப் பூ போட்ட பச்சை கழுத்துப் பட்டையும் இதே கதைதான். அது 2016ல லண்டன் காட்விக் விமான நிலையத்துல ஆரம்பிச்சது, வெளிய தெரியாத ஊனம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா உதவுங்கன்னு சொல்ற அடையாளம், மாஸ்க் விலக்குக்கு அது அத்தாட்சியே கிடையாது. கொரோனா சமயத்துல மாஸ்க் போடப் பிடிக்காதவன் எல்லாம் அத வாங்கி மாட்டிக்கிட்டான், அதனால நிஜமாவே முடியாதவங்க மாட்டிக்கிட்டு வந்தாலும் சந்தேகமா பாத்தாங்க. ஒவ்வொரு போலி கார்டும் உங்கள மாதிரி ஒருத்தரோட வார்த்தைக்கு இருக்கிற மரியாதைய குறைக்குது, எனக்கு ஆத்திரமே அதுதான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அந்த விளம்பரம், பில், கார்டு மூணையும் போட்டோ எடுத்து வைங்க. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சொல்லி பணத்த திருப்பிக் கேளுங்க, வித்த தளத்துலயும் நுகர்வோர் குறைதீர்ப்புலயும் புகார் கொடுங்க. அப்புறம் உங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்ட போங்க. லேசான ஆஸ்துமா உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களால மாஸ்க் போட முடியும், சர்ஜிக்கல் மாஸ்க் ஆக்ஸிஜன குறைக்கிறது இல்ல. உங்களால முடியாதுன்னு அவர் சொன்னா அத எழுதி வாங்கி மேனேஜர்கிட்ட தனியா கொடுத்து, ஆள் இல்லாத நேரத்து ஷிஃப்ட் கேளுங்க, முடியும்னு சொன்னா நடுநடுவுல வெளிய போய் மாஸ்க்க கழட்டி மூச்சு விட இடைவேளை கேளுங்க.

கேள்வி: சர்ஜிக்கல் மாஸ்க் பாக்கெட் வாங்கி, மெஷின்ல போட்டு துவைச்சதுல நைஞ்சு போச்சு. கடைல பணம் திருப்பித் தர மாட்டேங்கிறாங்க.

பதில்: தர மாட்டாங்க, தரவும் வேண்டாம். ஒரு தடவைதான் போடணும்னு பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கு. படிச்சிட்டு வாங்குங்க. துவைக்கிறதுக்குத்தான் துணி மாஸ்க்.

கேள்வி: நான் கேஷியர். 9 மணி நேர ஷிஃப்ட். கடைல பிளாஸ்டிக் முகத்தடுப்பு ஒண்ணு கொடுத்துட்டாங்க, மாஸ்க் வேணும்னா சொந்தக் காசுல வாங்கிக்கோங்கறாங்க. நானே என்95 (நுண்துகள நல்லா வடிகட்டுற மாஸ்க்) வாங்குனேன், காதுல மாட்டுற மாதிரி இருக்கு, நல்லதா?

பதில்: அம்மா, உங்க கடிதத்த படிச்சிட்டு அன்னைக்கு வேற வேலை ஓடல. வாடிக்கையாளர் கால் மணி நேரம் உள்ள இருந்துட்டு போயிடுறார், நீங்க நாள் பூரா அந்தக் காத்துலதான் இருக்கீங்க. இங்கிலாந்துல கூட கடைக்கு வர்றவங்களுக்கு 2020 ஜூலை 24ல மாஸ்க் கட்டாயம் ஆச்சு, கடை ஊழியருக்கு செப்டம்பர் 24லதான். ரெண்டு மாசம் கழிச்சு. ஊழியர் ஞாபகம் எல்லாருக்கும் கடைசியாத்தான் வருது.

பிளாஸ்டிக் தடுப்பு கண்ணுக்கு நல்லது, ஆனா ஓரத்துலயும் கீழயும் திறந்தே கிடக்கு, மாஸ்க்குக்கு அது ஈடு ஆகாது. வேலைக்குத் தேவையான பாதுகாப்புப் பொருள் முதலாளி செலவுன்னு தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் பலதுலயும் இருக்கு, அதனால வாயால கேக்காதீங்க, கூட வேலை பாக்குறவங்க நாலு பேர் கையெழுத்தோட எழுதிக் கேளுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு பத்தாது, ஈரமானா மாத்தணும். அதுவரைக்கும் துணிதான்னா மூணு அடுக்கு பாத்து வாங்குங்க, உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன்ல சொன்னது அதுதான், சோப்பு போட்டு 60 டிகிரி சூட்டுல துவைக்கணும்.

உங்க என்95 அனேகமா போலி. வேலையிடப் பாதுகாப்ப பாக்குற அமெரிக்க அரசு அமைப்பு நியோஷ், அது அங்கீகரிச்ச என்95ல பட்டை தலைய சுத்தித்தான் போகும், காதுல மாட்டாது, மாஸ்க் மேலயே "TC"ன்னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கும். குழந்தைகளுக்குன்னு என்95 அங்கீகாரமே கிடையாது, அப்படி பாக்கெட்ல அச்சடிச்சிருந்தாலே போலி. எங்க அப்பாவுக்குன்னு நானும் இதே காதுல மாட்டுறத வாங்கிக் கொடுத்து ஏமாந்தவன், அவர் அத நம்பி ஆஸ்பத்திரிக்கெல்லாம் போட்டுக்கிட்டு போனார். பில் இருந்தா உடனே திருப்பிக் கொடுங்க, போலிய வித்தவன் "பிரிச்ச பாக்கெட் வாங்க மாட்டோம்"னு சொல்ல முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு காது கேக்காது, உதட்டப் பாத்துதான் புரிஞ்சுக்குவாங்க. கேஷியர் மாஸ்க்க கழட்டச் சொல்லலாமா?

பதில்: கேட்டுப் பாக்கலாம், கட்டாயப்படுத்தாதீங்க. உதட்டப் பாக்குறவங்ககிட்ட பேசறப்ப தள்ளி நின்னு கொஞ்ச நேரம் கழட்டிக்கலாம்னு அப்ப பல இடத்து விதியிலயே இருந்துச்சு. கேஷியருக்கும் பயம் இருக்கலாம், அப்ப மொத்தத் தொகைய ஸ்கிரீன்ல காட்டச் சொல்லுங்க, மீதிய பேப்பர்ல எழுதிக்கலாம். வாய்ப்பக்கம் கண்ணாடி மாதிரி தெரியுற மாஸ்க் வந்திருக்கு, கவுன்டருக்கு ஒருத்தராவது அதப் போடட்டும்னு கடைல எழுதிக் கொடுத்துட்டு வாங்க, அம்மா பேரச் சொல்லியே கேளுங்க.

கேள்வி: எங்க கடை ஊழியர் மாஸ்க்க எப்பவும் மூக்குக்கு கீழயே போட்டிருக்கார். இவருக்கும் விலக்கா?

பதில்: இல்ல. ஏத்தி விட்டுக்கோங்கன்னு மரியாதையா சொல்லுங்க.