மரபணுப் பரிசோதனையா, மூன்று நாள் கொப்பியா?

கேள்வி: மகனுக்கு 9 வயது. உயரம் 132 சென்ரிமீற்றர், நிறை 38 கிலோ. மரபணுப் பரிசோதனை செய்து அவனுக்கென்றே ஓர் உணவுத் திட்டம் எடுக்கலாமா? – வாசகி, கோண்டாவில்

பதில்: உங்கள் பிள்ளையின் உடற்திணிவுச் சுட்டி, அதாவது கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, 21.8. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் ஆண் பிள்ளைக்கு உடற்பருமன் எல்லை 9 வயதில் 20.5, 10 வயதில் 21.4. ஆகவே கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஒரே உணவு ஆளுக்காள் குருதிச் சீனியை வேறுவிதமாக உயர்த்துவதை 2015இல் இஸ்ரேலில் 800 பேரிடம் காட்டினார்கள். ஆனால் அந்த 800 பேரும் வளர்ந்தவர்கள். வளரும் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

ஒரு கொப்பியில் 3 நாள், அதில் ஒன்று ஞாயிறு, அவன் தின்பது குடிப்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலும் பிழை சோற்றில் இராது. ரியூசனுக்குப் போகும் வழியில் வாங்கும் சோடாவில் இருக்கும். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி என்றால், 400 மில்லிலீற்றர் போத்தலில் 10 தேக்கரண்டி! முதலில் அதை நிறுத்துங்கள். பாணும் ஜாமும் தின்ற பிள்ளைக்குப் பத்து மணிக்கே பசிக்கும். அளவான குரக்கன் புட்டுடன் முட்டையும் முருங்கையிலை வறையும் கொடுங்கள். பட்டினி மட்டும் போடவேண்டாம். நிறை ஏறாமல் நின்றாலே, உயரம் கூடக்கூடச் சுட்டி இறங்கும்.

பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறதா? சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீர்கள், அது ஊத்தை அல்ல. இன்சுலின் எதிர்ப்பின், அதாவது சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் சரியாக இசையாத நிலையின், அடையாளமாக இருக்கலாம். அப்படியென்றால் இந்த வாரமே பிள்ளை வைத்தியரிடம் காட்டி, வெறுவயிற்றில் குருதிச் சீனி பாருங்கள்.