புதிரில் தெரிகிறது, ஆட்டத்தில் தெரியவில்லை!
செஸ் கேள்வி – பதில்

கேள்வி: எட்டு மாதமாக செஸ் ஆடுகிறேன். தினமும் மொபைலில் 40 டாக்டிக்ஸ் புதிர் போடுகிறேன். பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் ஆட்டத்தில் உட்கார்ந்தால் ஒரு ஃபோர்க்கூட (ஒரே காய் எதிராளியின் இரண்டு காய்களை ஒன்றாக அடிப்பது) கண்ணில் படுவதில்லை. ஆட்டம் முடிந்து கம்ப்யூட்டர் காட்டும்போதுதான் 'அட, இது எனக்குத் தெரிந்ததுதானே' என்று தோன்றுகிறது. எங்கே தப்பு?

பதில்: புதிர் திரையில் வந்தவுடனேயே உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது. இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது, அதை அடிக்கப்போவது நீங்கள்தான். ஆட்டத்தில் அப்படி யாரும் மணியடித்துச் சொல்வதில்லை. 40 நகர்த்தலில் ஏதோ ஒன்றில்தான் அந்த வாய்ப்பு வரும். எப்போது தேட வேண்டும் என்பதே தெரியாதபோது, தேடத் தெரிந்து என்ன பயன்?

எனக்கும் இதே கதைதான் நடந்தது. ஆடத் தொடங்கிய நாட்களில் தோற்ற ஆட்டங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஓப்பனிங், எண்ட்கேம் எதுவும் எழுதவில்லை. எந்த இடத்தில் காய் போனது, ஏன் போனது என்று ஒரே ஒரு வரி. ஒரு நாள் முதலிலிருந்து புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: 'சப்போர்ட் இல்லை.' அதாவது, அந்தக் காயை வெட்டினால் திருப்பி வெட்ட என்னிடம் வேறு காய் இல்லை. ஃபோர்க், பின் (பின்னால் நிற்கும் பெரிய காய்க்காக முன்னால் உள்ள காய் நகர முடியாமல் மாட்டுவது), ஸ்கியூவர் (முன்னால் நிற்கும் பெரிய காய் விலகினால் பின்னால் உள்ளது அடிபடுவது) என்று பெயர் மாறுகிறது. அடிபட்ட காய் மட்டும் எப்போதும் தனியாக நின்ற காய்தான். இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் இதைத்தான் 'தனியாக நிற்கும் காய் உதிர்ந்துவிடும்' என்ற பொருளில் நாலு வார்த்தையில் சொல்லி வைத்திருக்கிறார்.

அதனால் உங்களுக்கான மணி அதுதான். ஒவ்வொரு முறையும் காயைத் தொடுவதற்கு முன், எதிராளியின் காய்களில் எதற்கு சப்போர்ட் இல்லை என்று பாருங்கள். அப்புறம் உங்கள் பக்கம். இரண்டு காய் சப்போர்ட் இல்லாமல் நின்றாலோ, ஒரு காய் அப்படி நின்று ராஜாவும் திறந்து இருந்தாலோ, அங்கே நின்று தேடுங்கள். மற்ற நேரத்தில் சாதாரணமாக ஆடுங்கள். முதல் இரண்டு வாரம் இது தொல்லையாகத்தான் இருக்கும். அதனால் 15 நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டம் வேண்டாம். மூன்று நிமிட ஆட்டத்தில் இந்தப் பழக்கம் வேர் பிடிக்காது.

எதிராளி இப்போது வைத்த காயையும் விடாதீர்கள். அது புதிதாக எதை அடிக்கிறது, நகர்ந்ததால் எதைக் காவலில்லாமல் விட்டுவிட்டது என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. நம் ஃபோர்க் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி: ஒரு புதிருக்கு எவ்வளவு நேரம் யோசிக்கலாம்? விடையைப் பார்ப்பது தப்பா?

பதில்: ஐந்து நிமிடம் உண்மையாக யோசித்தும் வரவில்லையா, தயங்காமல் விடையைப் பாருங்கள். ஆனால் பார்த்ததோடு விடக்கூடாது. அடுத்த நாள் அதே புதிரைத் திரும்பப் போட வேண்டும், அடுத்த வாரம் மறுபடியும். தினமும் புதிதாக 40 போடுவதைவிட, எளிமையான 100 புதிரைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் தொடக்கத்தில் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பார்த்த கணத்தில் கை தானாகப் போகும் அளவுக்குப் பழக வேண்டும். ஒரே நகர்த்தலில் மேட் செய்யும் (ராஜா தப்ப முடியாதபடி செக் வைக்கும்) புதிர்களில் தொடங்குங்கள். 'இது குழந்தைகளுக்கானது' என்று தாண்டிப் போகாதீர்கள். 2006-இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டரோடு ஆடியபோது, அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக் ஒரே நகர்த்தலில் வந்த மேட்டைக் கவனிக்காமல் தோற்றிருக்கிறார்.

முதல் நகர்த்தல் மட்டும் தெரிந்தவுடன் திரையைத் தட்டிவிடுவதுதான் உண்மையான தப்பு. அது சரியாக அமைந்துவிட்டால் இன்னும் மோசம், ஊகிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஓர் உதாரணம். கறுப்பு ராஜா இ8-இல் இருக்கிறது (வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்). டி7 சிப்பாய் முன்பே நகர்ந்து வழி திறந்திருக்கிறது. கறுப்பு பிஷப் ஒன்று பி4-இல் சப்போர்ட் இல்லாமல் நிற்கிறது. உங்கள் ராணியை ஏ4-க்குக் கொண்டுபோனால் ராஜாவுக்கு செக், பிஷப்புக்கும் அடி. பார்த்தவுடன் கை பரபரக்கும். ஆனால் பி8-இல் இருக்கும் குதிரை சி6-க்கு வந்தால்? செக்கை மறைக்கிறது, பி4 பிஷப்புக்கு சப்போர்ட்டும் ஆகிறது. ஒரே நகர்த்தலில் இரண்டு ஆபத்தும் தீர்ந்தது, உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எதிராளியின் மிக நல்ல பதிலை மனதில் வைத்துப் பார்த்த பிறகுதான் கை நகர வேண்டும். முடிந்தால் முழு வரிசையையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத் தட்டுங்கள்.

கேள்வி: பின் செய்யப்பட்ட காய் நகரவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் பின்னில் இருந்த குதிரையை எடுத்து, ராணியையும் விட்டுக்கொடுத்து, எனக்கு மேட் வைத்துவிட்டார். இது எப்படி?

பதில்: உங்களுக்கு விழுந்தது மிகப் பழைய வலை. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் அதை 'லெகால் மேட்' என்கிறார்கள். பெரிய ஆட்டக்காரரான ஃபிலிடோருக்குக் குரு அவர்.

பின்னில் இரண்டு வகை. பின்னால் ராஜா இருந்தால் காய் அந்தக் கோட்டை விட்டு விலக விதியே இடம் கொடுக்காது. பின்னால் ராணி இருந்தால் விதி தடுக்காது, நஷ்டம்தான் தடுக்கிறது. நஷ்டத்தைவிடப் பெரிய லாபம் கிடைத்தால் தாராளமாக நகரலாம்.

போர்டை எடுத்து வைத்து நகர்த்திப் பாருங்கள். வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு சிப்பாய் டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4, இதுதான் பின். வெள்ளையின் அடுத்த குதிரை சி3. இப்போது கறுப்பு, சிப்பாயை ஜி6-இல் வைக்கிறது. வெள்ளை தயங்காமல் எஃப்3 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. ஆசைப்பட்டுக் கறுப்பு பிஷப் டி1-இல் உள்ள ராணியை வெட்டினால், வெள்ளை பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக். ராஜாவுக்குப் போக்கிடம் இ7 மட்டும்தான். சி3 குதிரை டி5-க்கு வருகிறது, மேட்! ராணி போனபின் மூன்றே சிறிய காய்கள் சேர்ந்து கட்டிய மேட் இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கறுப்பு ராணியைத் தொடாமல் இ5 குதிரையை டி6 சிப்பாயால் வெட்டினாலும், வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுத்துக்கொள்ளும். கணக்கில் ஒரு சிப்பாய் லாபம்.

இப்போது முக்கியமான இடம். கறுப்பு ஜி6-க்குப் பதிலாகக் குதிரையை சி6-இல் வைத்திருந்தால்? இ5-இல் வெட்டிய குதிரையை அந்தக் குதிரை திருப்பி வெட்டும். வெட்டி நின்ற இடத்திலிருந்தே ஜி4 பிஷப்புக்கும் சப்போர்ட் ஆகிவிடும். வெள்ளைக்கு ஒரு காய் போனதுதான் மிச்சம். பார்க்க அதே படம்தான், ஒரு காய் மட்டும் வேறு கட்டத்தில். ஆகவே ஒரு டாக்டிக்ஸைக் கற்கும்போது அது எந்த நிலையில் பலிக்காது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்லித் தருபவர்களிடம் ஒவ்வொரு புதிரிலும் ஒரு காயை இடம் மாற்றி, 'இப்போதும் பலிக்குமா?' என்று கேட்பேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. சிறு வயதில் தொடங்காதவர்களுக்கு இந்தக் 'கண்' வருமா?

பதில்: வரும். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து வினாடி காட்டிவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியாக வைத்தார். அப்புறம் காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். அந்த வித்தியாசம் போய்விட்டது! அவருடைய ஞாபகசக்தி பெரிது என்பதல்ல விஷயம், அடிக்கடி பார்த்த காய்க்கூட்டங்களை ஒரே பார்வையில் அடையாளம் காண்கிறார். அடையாளம் காண்பது பழக்கத்தால் வருவது. பள்ளிப் பிள்ளை அளவுக்கு வேகமாக வராது, அதை மறைக்க மாட்டேன். தினமும் 20 நிமிடம், ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல்.

கேள்வி: குதிரையின் ஃபோர்க்கில் மட்டும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறேன். தப்பிக்க ஏதாவது வழி?

பதில்: கட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை கறுப்புக் கட்டங்களை மட்டுமே அடிக்கும், கறுப்பில் நின்றால் வெள்ளையை மட்டுமே. எனவே ஒரே குதிரையிடம் மாட்டும் இரண்டு காய்களும் எப்போதும் ஒரே நிறக் கட்டத்தில்தான் இருக்கும். உங்கள் ராஜா இ8, யானை ஏ8, இரண்டுமே வெள்ளைக் கட்டம். அதனால்தான் சி7-இல் வந்து குதிக்கும் குதிரை இத்தனை பேரை அழ வைக்கிறது. எதிராளியின் குதிரை பக்கத்தில் வரும்போது உங்கள் ராஜாவும் ராணியும் ஒரே நிறத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால், ஒன்றை வேறு நிறத்துக்கு மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியனின் இரண்டு ஆட்டங்களைத் தேடிப் போட்டுப் பாருங்கள். 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரான்ஸ்டைனோடு ஆடியபோது அவருக்கு அருமையான நிலை. எதிராளியின் குதிரை எஃப்5-க்கு வந்து டி6-இல் இருந்த அவருடைய ராணியைத் தாக்கியது. அதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டார், ராணி போய்விட்டது. சரியாகப் பத்து வருடம் கழித்து, 1966 உலக சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டம். எதிரே ஸ்பாஸ்கி. பெட்ரோசியன் தன் ராணியை எச்8-இல் கொண்டுபோய் வைத்து செக் சொன்னார். ராஜா வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் டி6 குதிரை எஃப்7-இல் குதித்து, எச்8 ராஜாவையும் ஜி5 ராணியையும் ஒன்றாக அடிக்கும். ஸ்பாஸ்கி அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எச்8, ஜி5 இரண்டும் என்ன நிறம் என்று போர்டில் பாருங்கள்.